குனிந்தாலும் விழாத பென்சிலுக்கு ஒரு ஜெம் கிளிப் போதும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “வீடுகளுக்கு அலமாரி, பரண் கதவு செய்கிற வேலை எனக்கு. குனியும்போதெல்லாம் சட்டைப் பாக்கெட்டிலிருந்து பென்சில் விழுந்துவிடுகிறது. நாளைக்கு ஒன்றாவது தொலைகிறது, இன்னொன்று உடைகிறது. காதில் செருகினால் வியர்வையில் வழுக்குகிறது. நானே செய்துகொள்ளக்கூடிய எளிய கருவி ஏதாவது உண்டா? நன்றாக வந்தால் செய்து விற்கவும் ஆசை.”

உண்டு, தம்பி. பெரிய அளவு ஜெம் கிளிப் ஒன்று, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டிரில் பிட், கால் மணி நேரம். இவ்வளவுதான் செலவு. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரவேலை செய்தவன் நான். என் பாக்கெட்டில் இன்றும் இருப்பது இந்தக் கம்பிப் பிடிதான். ஆனால் அதைச் செய்யும் முறையை மட்டும் சொன்னால் போதாது. பென்சில் ஏன் விழுகிறது என்று தெரியாவிட்டால், பிடியைச் செய்தும் அதைத் தவறான இடத்தில் மாட்டிவிட்டு, “இதுவும் விழுகிறதே” என்பீர்கள்.

நேராக நிற்கும்போது பென்சிலைப் பாக்கெட்டின் அடித்தையல் தாங்குகிறது. முன்னால் குனியும்போது பென்சில் படுத்துக்கொள்கிறது. தரையில் கிடக்கும் பலகையில் கோடு போட இன்னும் இறங்கினால், பாக்கெட்டின் வாய் அடிப்பாகத்தை விடக் கீழே போய்விடுகிறது. அந்த நொடியிலிருந்து பென்சிலைப் பிடித்திருப்பது துணியின் உராய்வு மட்டும்தான். அது எவ்வளவு சொற்பம் என்று பார்க்க வேண்டுமானால், ஒரு பலகைமேல் உங்கள் சட்டையை விரித்து, புதுப் பென்சிலை நீளவாக்கில் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். வார்னிஷ் பூசிய பென்சில் சீக்கிரமே சறுக்கிவிடும். அதோடு சட்டையும் உடம்பை விட்டுத் தொங்குகிறது, பாக்கெட்டின் வாய் திறந்துகொள்கிறது, இழைப்புளி தள்ளும்போது உடம்பு குலுங்குகிறது. விழாமல் இருந்தால்தான் வியப்பு.

பென்சிலின் எடையைத் தாங்குவதல்ல இங்கே பிரச்சினை. ஒரு பென்சிலுக்கு என்ன எடை இருந்துவிடப் போகிறது? அது பாக்கெட்டின் வாயைத் தாண்டிப் போகாமல் தடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் கனமான கிளிப், காந்தம், பட்டை என்று எதுவும் தேவையில்லை என்பது விளங்கிவிடும்.

இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் கூரை வேலை. சாரத்தின்மேல் நின்று சட்டம் அளந்துகொண்டிருந்த என் கூட்டாளியின் பாக்கெட்டிலிருந்து பென்சில் நழுவியது. விழுகிற பொருளைக் கண்டால் கை தானாக நீளும் அல்லவா? அவர் கையும் நீண்டது, கூடவே உடம்பும் போனது. இடது கை சவுக்குக் கம்பைப் பற்றிக்கொண்டதால் பிழைத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து இரண்டு வாரம் உளி பிடிக்க முடியவில்லை. அன்று மாலைதான் என் முதல் கம்பிப் பிடியை அவருக்காகச் செய்தேன்.

கீழே விழுந்த பென்சில் கைக்குத் திரும்பக் கிடைத்தாலும் நட்டம்தான். உள்ளே இருக்கும் கருப்புக் குச்சியை ஈயம் என்று சிலர் சொல்வார்கள். அதில் ஈயம் கிடையாது. கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் பிசைந்து குச்சியாக்கிச் சூளையில் சுட்டது அது. பிரான்சு நாட்டு நிக்கோலா ஜாக் கோன்ட்டே என்பவர் 1795இல் காப்புரிமை பெற்ற முறை. மண்ணின் அளவைக் கூட்டினால் எழுத்து வெளிறும், குச்சி கெட்டிப்படும். குறைத்தால் கருமையும் மென்மையும் வரும். சுட்ட மண் கலந்த பொருள் என்பதால் பானையைப் போலவே அது வளையாது, உடையும். சிமெண்டுத் தரையில் ஒருமுறை விழுந்தால் மரத்துக்குள்ளேயே இரண்டு மூன்று துண்டாகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு சீவச் சீவ முனை கழன்று விழும்போது, “மட்டமான பென்சில்” என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன்.

சுமார் 5 செ.மீ. நீளமுள்ள பெரிய ஜெம் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிமுனையை ஒட்டிய ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகள் வரை போக வேண்டியதில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். அதை நிமிர்த்தினால் 16 செ.மீ. அளவுக்குக் கம்பி வரும். வளைவு இருந்த இடங்களில் சிறு நெளிவுகள் மிஞ்சினால் கவலைப்படாதீர்கள், சுற்றும்போது மறைந்துவிடும். கம்பி எளிதாக வளையட்டும் என்று நெருப்பில் மட்டும் காட்டிவிடாதீர்கள். சிவக்கக் காய்ச்சிய கம்பி விறைப்பை இழந்துவிடும். அப்புறம் அது கட்டுக்கம்பி மாதிரி, வளைத்த இடத்திலேயே நிற்கும். திரும்பி வந்து அழுத்தாது. கட்டிடக் கட்டுக்கம்பியில் இந்தப் பிடியைச் செய்ய முடியாததும் அதனால்தான்.

6 மி.மீ. டிரில் பிட்டைத் தலைகீழாக, வழவழப்பான தண்டுப் பகுதி மேலே தெரியும்படி, வைஸில் இறுக்குங்கள். கம்பியின் ஒரு முனையைத் தண்டோடு சேர்த்துப் பிடித்து, மூன்று சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி வேண்டாம். கையை விட்டதும் சுருள் சற்றே விரியும். அது கம்பியின் குணம். சாதாரண அறுகோணப் பென்சில் பக்கத்துக்குப் பக்கம் ஏறத்தாழ 7 மி.மீ. இருக்கும். அதைவிடச் சிறிய தண்டில் சுற்றினால்தான் சுருள் பென்சிலை இறுகப் பற்றும். பென்சிலிலேயே நேராகச் சுற்றினால் சுருள் தளர்ந்து, பென்சில் உள்ளே லொடலொடவென்று ஆடும். எல்லோரும் முதலில் செய்கிற தவறு இது. நானும் செய்தேன்.

மூன்று சுற்று முடிந்தபின் மீதமுள்ள கம்பியை 90 பாகை திருப்பி, பென்சிலின் நீளத்துக்கு இணையாகக் கீழே 4 செ.மீ. கொண்டுபோங்கள். அங்கே கொண்டை ஊசி மாதிரி வளைத்து மறுபடி மேலே கொண்டுவாருங்கள். இதுதான் நாக்கு. மீதி நுனியைச் சுருளுக்கும் பென்சிலுக்கும் நடுவே செருகிவிட்டால் கம்பி முனை வெளியே நீட்டிக்கொண்டு சட்டையைக் கிழிக்காது. நாக்கின் அடிவளைவை மட்டும் கட்டிங் பிளேயரால் பிடித்து, வாத்தின் அலகு போல லேசாக வெளிப்புறம் தூக்கிவிடுங்கள். துணி உள்ளே நுழைவதற்கான வாசல் அது. இந்தத் தூக்கல் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இரண்டு கையால் மாட்ட வேண்டியிருக்கும். இருந்தால் ஒரு கையால், பார்க்காமலே செருகலாம்.

பென்சிலை உள்ளே நுழைக்கவும் ஒரு நுட்பம் உண்டு. நேராகத் தள்ளினால் ஏறாது. வார்னிஷை உரித்துக்கொண்டு பாதியில் நின்றுவிடும். கம்பியைச் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் சுருளைத் திருகியபடியே தள்ளுங்கள். திருகும்போது சுருள் வாய் விரிந்து வழிவிடும். கையை எடுத்ததும் பற்றிக்கொள்ளும். அறுகோணத்தின் விளிம்புகளில் கம்பி பதிந்து நிற்பதால் தானாக நழுவாது. உருண்டைப் பென்சிலாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு மாட்டுங்கள். தச்சு வேலைக்கென்று வரும் பட்டைப் பென்சிலுக்கு இந்த உருண்டைச் சுருள் பொருந்தாது. அந்தப் பென்சிலைவிடச் சற்றே சிறிய பட்டைக் கம்பித் துண்டின்மேல் சுற்றிக்கொள்ள வேண்டும்.

நாக்கு ஏன் 4 செ.மீ.? உங்கள் பாக்கெட்டின் வாயைப் பாருங்கள். துணியை உள்ளே மடித்து ஒரு தையல் போட்டிருப்பார்கள். அந்த மடிப்பின் அகலம் பெரும்பாலும் 2.5 செ.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கும். மடித்த இடத்தில் துணி தடிப்பு. தையலுக்குக் கீழே ஒற்றைத் துணி, மெல்லியது. நாக்கின் அழுத்தும் புள்ளி அந்தத் தையலைத் தாண்டி மெல்லிய இடத்தில் இறங்கி உட்கார வேண்டும். பிறகு பென்சில் வெளியே வர வேண்டுமானால் நாக்கு அந்தத் தடித்த மடிப்பின்மேல் ஏறித்தான் வர வேண்டும். சும்மா குனிந்தால் அது நடக்காது; நீங்கள் இழுத்தால்தான் நடக்கும். நான் பார்த்த கடைக் கிளிப்புகளில் பல இந்த இடத்தில்தான் தோற்கின்றன. அவற்றின் நாக்கு குட்டை. மடிப்பைத் தாண்டாமல் அதன்மேலேயே நிற்கும். தடித்த துணியில் நன்றாக இறுகியிருப்பது போலத் தெரியும், ஆனால் ஒரு குலுக்கலில் மேலே வழுகி வந்துவிடும். ஆகவே கம்பியைத் தொடுவதற்கு முன் பாக்கெட் மடிப்பை அளந்துவிடுங்கள். மடிப்பு 3 செ.மீ. என்றால் நாக்கை 4.5 ஆக்குங்கள்.

அடுத்தது, பிடியைப் பென்சிலில் எந்த உயரத்தில் மாட்டுவது என்பது. பேனாவைப் பார்த்துப் பழகிய கண் அதை உச்சியில் மாட்டச் சொல்லும். புதுப் பென்சில் ஏறக்குறைய 17.5 செ.மீ. நீளம். சட்டைப் பாக்கெட் 13 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடி உச்சியில் இருந்தால், பென்சில் நுனி பாக்கெட்டின் அடியைத் தொட்ட பிறகும் நாக்கு துணிக்கு எட்டாமல் மேலேயே நிற்கும். எனவே சுருளின் கீழ் விளிம்பைப் பென்சில் நுனியிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. உயரத்தில் வையுங்கள். பாக்கெட் ஆழத்துக்கு ஒரு செ.மீ. குறைவு என்பது கணக்கு. அப்போது நுனி தையலில் குத்தாது, பென்சில் தொங்கி நிற்கும். சீவச் சீவப் பென்சில் குட்டையாகும். சுருளைத் திருகி மேலே நகர்த்திக்கொண்டே போகலாம். தகட்டுக் குழாயை விட்டுக் கம்பிச் சுருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணமே இந்த நகர்த்தும் வசதிதான்.

நுனி கீழே பார்த்துத்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. பாக்கெட் கறையாகிறது என்று சிலர் கூர்முனையை மேலே வைத்துக்கொள்கிறார்கள். குனிந்து நிமிரும்போது அது தாடைக்கும் கண்ணுக்கும் நேராக நிற்கிறது. வீட்டுக்குப் போனதும் குழந்தையைத் தூக்குகிறோம், அது முகத்தை நெஞ்சில் புதைக்கிறது. வேண்டவே வேண்டாம். கறைக்குப் பயந்தால் பழைய பேனா மூடி ஒன்றை நுனியில் போட்டுக்கொள்ளுங்கள்.

வடசென்னையில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடற்காற்றில் உப்பு. மே மாதத்தில் நம் சட்டையிலும் உப்பு. ஜெம் கிளிப்பின் மேற்பூச்சு வளைத்த இடங்களில் வெடித்துவிடும். அந்த வெடிப்பு வழியாகத் துருப்பிடித்து, வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கோடு விழும். கம்பியை வளைத்து முடித்ததும் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு முறை பூசி உலரவிடுங்கள். மாதம் ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் 1 மி.மீ. எஃகு ஸ்பிரிங் கம்பியை, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் வகையில் வாங்குங்கள். அது இன்னும் விறைப்பானது என்பதால் 5 மி.மீ. தண்டில் சுற்ற வேண்டியிருக்கும். சட்டையில் கறை விழுந்துவிட்டிருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள், துருக்கறை அதில் இன்னும் அழுத்தமாகிவிடும்.

சைக்கிள் போக்ஸ் கம்பியில் செய்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். செய்து பார்த்தேன். 2 மி.மீ. தடிமன், கையால் சுற்ற முடியாது, சுற்றினாலும் நாக்கு அத்தனை முரடு. ஒரு மாதத்தில் பாக்கெட் வாயில் இரண்டு ஓட்டை விழுந்தது. பைண்டர் கிளிப் பிடிக்கும், ஆனால் பாக்கெட்டைக் கீழே இழுத்துக்கொண்டு நிற்கும். காந்தம் வைத்தால் திருகாணியும் இரும்புத்தூளும் சட்டையில் அப்பிக்கொள்ளும். ரப்பர் பேண்டை நாலு சுற்று சுற்றுவது அவசரத்துக்கு உதவும். வெயிலில் இரண்டு வாரத்தில் இற்றுவிடும்.

கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் மட்டும் ஒருபோதும் கூடாது. வட்ட ரம்பத்தின் பக்கத்திலோ டிரில் மெஷின் பக்கத்திலோ கழுத்தில் கயிறோடு நிற்பது உயிரோடு விளையாடுவது. சுழலும் தண்டு நூலைப் பிடித்தால் உங்களால் பின்வாங்க நேரமிருக்காது. உங்கள் பட்டறையில் யாராவது அப்படி மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

எலெக்ட்ரிக் வேலை செய்யும் தோழர்களுக்கும் இந்தக் கம்பிப் பிடியை நான் கொடுக்க மாட்டேன். திறந்த மின்பெட்டியின் மேல் குனியும்போது நெஞ்சில் உலோகம் இருக்கக் கூடாது. பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு ஏற்றது தையல்காரர் வழி. பாக்கெட்டுக்குள் ஓர் ஓரமாக, விளிம்பிலிருந்து 2 செ.மீ. விட்டு, மேலிருந்து கீழாக ஒரு நேர்த்தையல் போடச் சொல்லுங்கள். பென்சிலுக்கென்று தனி அறை கிடைத்துவிடும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கும் ரெடிமேட் சட்டைகளில் பாக்கெட் ஒரே அகலமாக இருக்கும். தெருமுனைத் தையல்காரர் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவார். தலைகீழாகக் குனிந்தால் இது முழுக்கக் காப்பாற்றாது. ஆனால் பென்சில் சாயாமல், ஆடாமல் நிற்பதால் விழுவது பெரிதும் குறையும்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். தாராளமாக விற்கலாம். பென்சிலுக்குக் கிளிப் போடுவது நூறாண்டுக்கும் மேலான பழைய யோசனை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதேபோல, உங்களுக்கும் அதில் தனியுரிமை கிடைக்காது. பென்சிலின் பின்முனையில் அழிப்பானைச் சேர்த்து 1858இல் அமெரிக்காவில் ஹைமன் லிப்மன் என்பவர் காப்புரிமை வாங்கினார். அதை இன்னொருவர் பெருந்தொகை கொடுத்து வாங்கி வழக்குத் தொடுத்தார். 1875இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பென்சில் பென்சிலின் வேலையைச் செய்கிறது, அழிப்பான் அழிப்பானின் வேலையைச் செய்கிறது, இரண்டையும் சேர்த்ததால் புதிதாக எதுவும் பிறக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். எனவே உங்கள் பொருளின் தரத்தை நம்பித்தான் நீங்கள் விற்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் கம்பியில் செய்யுங்கள். நாக்கின் நீளத்தில் குறை வைக்காதீர்கள். கம்பி நுனியை அரத்தால் மழுக்கிவிடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு பழைய சட்டையில் மாட்டி, சட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பத்து முறை உதறிப் பாருங்கள். ஒன்று விழுந்தாலும் அதை விற்பனைக்கு வைக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் உங்களுக்கு ஒன்று செய்து ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். சுருள் தளர்வாக வந்தால் 5.5 மி.மீ. பிட்டில் சுற்றுங்கள். நாக்கு துணியை விட்டால் எந்த இடத்தில் விடுகிறது, மடிப்பின்மேலா கீழேயா என்று கவனித்து எழுதுங்கள். பாக்கெட்டின் ஆழத்தையும் மடிப்பின் அகலத்தையும் சேர்த்து எழுதினால் அளவைத் திருத்திச் சொல்கிறேன்.